தை முகூர்த்தத்துக்கு மல்லிகை கிடைக்குமா? கல்யாணப் பூ வேலை பற்றிய கேள்வி பதில்

கொங்கு வட்டாரத்துக் கல்யாணங்களுக்குப் பூக்கட்டுவதும் மணப்பெண் அலங்காரத்துக்குப் பூத் திட்டமிட்டுக் கொடுப்பதும் என் தொழில். முகூர்த்த மாதங்கள் நெருங்குவதால், வந்திருந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தாயார்): தை மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். பின்னல் முழுக்க மல்லிகையால் பூஜடை வேண்டும் என்கிறாள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மல்லிகை விளையும் சத்தியமங்கலம் பக்கத்திலேயே இருந்தும் ஏன் இப்படி?

பதில்: பக்கத்தில் இருப்பதால் பூ விலை குறையாது, அம்மா. குண்டுமல்லிச் செடிகளுக்கு நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்வது வழக்கம். வெட்டிய செடி தளிர்த்து நன்றாக மொட்டு வைக்க மார்ச் மாதம் ஆகிவிடும். இடையில் பனியும் குளிரும் சேர்ந்துகொள்ள, தை மாதத்தில் வரத்து சொற்பமாகத்தான் இருக்கும். அந்தச் சொற்பப் பூவுக்கு அன்றைய முகூர்த்தக்காரர்கள் அத்தனை பேரும் போட்டியிடுவதால், கோடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ அப்போது ஆயிரக்கணக்கில் போய்விடுகிறது.

என் யோசனை இது. கொண்டையைச் சுற்றிலும் பின்னலின் மேல் பகுதியிலும் மட்டும் மல்லிகை வையுங்கள். வாசனை எழுவதும், மற்றவர் கண்ணில் முதலில் படுவதும் அங்கேதான். கீழே இடுப்பு வரை இறங்கும் பகுதியைச் சம்பங்கி மொட்டு, பட்டன் ரோஸ், இடையிடையே வாசனைக்கு மரு இலை என்று கெட்டித் துணிப்பட்டையில் தைத்துவிடலாம். சம்பங்கி ஆண்டு முழுவதும் வரும். விலையும் இந்த அளவுக்கு ஏறாது. சிலர் மல்லிகை என்று சொல்லி காக்கடாவைக் கட்டிக் கொடுப்பார்கள். புகைப்படத்தில் வித்தியாசம் தெரியாது, ஆனால் அதில் மணம் பெயருக்குத்தான் இருக்கும். காக்கடா வைப்பதில் தவறில்லை. அதை மல்லிகை விலைக்கு வாங்குவதுதான் தவறு.

வாங்கும்போது மொட்டைக் கையில் அள்ளிப் பாருங்கள். அன்று பறித்தது கெட்டியாக, வெண்மையில் இளம்பச்சைச் சாயலோடு, விரலிடுக்கில் ஒட்டாமல் உருளும். முந்தைய நாள் மொட்டுக்குக் காம்பருகே பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கும். ஐஸ்மீது நேரடியாகக் கிடந்த மொட்டு நீர்கோத்துக் கசிந்திருக்கும். வெளியே எடுத்துச் சிறிது நேரத்தில் கறுத்துவிடும்.

கேள்வி (பெருந்துறை, மணப்பெண்): முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் அதிகாலை நாலரை முதல் ஆறு மணிக்குள் முகூர்த்தம். இரண்டு வேளைக்கும் ஒரே பூ போதுமா அக்கா?

பதில்: போதாது. பூக்காரர் உங்களிடம் முதலில் கேட்க வேண்டியது நேரத்தைத்தான். கைப்பேசியில் உள்ள படத்தைக் காட்டுவது அதற்குப் பிறகு. மல்லிகை விடியலில் மொட்டாகப் பறிக்கப்பட்டு, அன்று மாலைக்கு மேல் மலர்கிற பூ. ஆகவே வரவேற்புக்கு அது மிகப் பொருத்தம்: மதியம் கட்டி, ஐந்து மணிக்குத் தலையில் வைத்தால், விருந்தினர் வந்து நிறையும் நேரத்தில் தலையிலேயே விரியும்.

அதிகாலை முகூர்த்தத்தில் சிக்கல் இருக்கிறது. அன்றைய பறிப்பு மார்க்கெட்டுக்கு வந்து சேருவதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும். எனவே நீங்கள் சூடப்போவது முந்தைய நாள் காலையில் பறித்த மொட்டுதான். அதை இரவில் மலரவிடாமல் நிறுத்திவைப்பதுதான் எங்கள் வேலை. தெர்மாகோல் பெட்டியின் அடியில் ஐஸ், அதன்மேல் தடித்த அட்டை, அதற்கும் மேல் ஈரத்துணியில் தளர்வாகச் சுற்றிய சரம் என்று அடுக்கி, மண்டபத்தில் அலங்காரம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுப்போம். ஜாதிமல்லியை மட்டும் அதிகாலைக்குக் கேட்காதீர்கள். இரவில் அழகாக மலர்ந்து, விடியும்போது துவண்டு தொங்கும்.

இன்னொன்று. பின்கழுத்தில் பூ தாழ இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முடிச்சுப் போடும் நேரத்தில் ஜடையைத் தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் திண்டாடுவதை எத்தனையோ மண்டபங்களில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (ஈரோடு): பெண் மாப்பிள்ளை மாலைகளுக்குப் பட்டியல் போட்டுவிட்டோம். வேறு எதற்கெல்லாம் பூ வேண்டும்?

பதில்: பெரும்பாலோர் மறப்பது இணைச்சீரை. மாப்பிள்ளையின் சகோதரியோ, உடன்பிறந்தவர் இல்லாவிட்டால் சகோதரி முறையுள்ளவரோ அந்தச் சீருக்கு மணப்பெண்ணுக்குச் சமமாக அலங்கரித்து நிற்பார். அவருக்கு மாலையும் தலைப்பூவும் தனியாகச் சொல்ல வேண்டும். முகூர்த்தக்காலுக்கும், கல்லை வணங்கும் நாட்டுக்கல் சீருக்கும் உதிரிப்பூவும் சரமும் வேண்டும். சீர் நடத்தும் அருமைக்காரரிடம் ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து, எந்தச் சீருக்கு என்ன பூ, எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிவிடுங்கள். ஊருக்கு ஊர், கூட்டத்துக்குக் கூட்டம் (குலத்துக்குக் குலம்) முறை மாறும். நான் பொதுவாகச் சொல்வதைவிட அவர் சொல்வதே செல்லும்.

கேள்வி (கரூர்): பட்டுப்புடவையில் பூச்சாயம் படுமா?

பதில்: நன்றாகவே படும். சாயம் ஏற்றிய பூக்களை, குறிப்பாக நீலம், கரும்பச்சை நிறங்களை, மாலையில் சேர்க்கவே வேண்டாம். தண்ணீர் தெளித்ததும் நிறம் இறங்கும். லில்லி வைப்பதானால் நடுவில் உள்ள மகரந்தப் பைகளை மலர்ந்தவுடன் கிள்ளி எடுத்துவிட வேண்டும். வாடாமலிருக்க மாலையில் தெளித்த தண்ணீரே பட்டில் வளையமாகக் கறை விடும் என்பதால், அணிவதற்கு முன் மாலையைத் தொங்கவிட்டு நீர் வடியவிடுங்கள்.

கேள்வி (தாராபுரம், மாப்பிள்ளை): ரோஜா இதழ் மாலை நல்லதா, சம்பங்கி மாலை நல்லதா?

பதில்: தம்பி, எடையை முதலில் பாருங்கள். இதழ்களை நெருக்கிக் கோத்த மாலை பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அதை அணிந்து இரண்டு மணி நேரம் மணவறையில் உட்கார்ந்தால் கழுத்து இறுகும், வெயில் காலத்தில் ஓரங்கள் கறுக்கும். சித்திரை, வைகாசிக்குச் சம்பங்கியே தாங்கும். இதழ் மாலைதான் வேண்டுமென்றால் மாலை மாற்றுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, பிறகு லேசான மாலைக்கு மாறிக்கொள்ளலாம்.

கேள்வி (பவானி): முதல் நாளே பூவை வாங்கி வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: ஃபிரிட்ஜில் மாம்பழமோ வாழைப்பழமோ இருந்தால் வேண்டாம். பழுக்கும் பழங்கள் வெளிவிடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதுமையடையச் செய்யும். நீலகிரியிலிருந்து வரும் கார்னேஷன் அதில் இதழ் சுருங்கிக் கண்மூடிவிடும். ஆர்க்கிட், ஆந்தூரியம் இரண்டும் வெப்பநாட்டுப் பூக்கள். அவற்றுக்கு ஃபிரிட்ஜ் குளிரே கேடு. நிழலான அறையில் தண்ணீரில் நிறுத்தினால் போதும்.

கேள்வி (திருப்பூர்): பின்னலாடைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கல்யாணப் பூ வேலையில் இறங்க நினைக்கிறேன். விலையை எப்படிப் பேசுவது?

பதில்: இந்தத் தொழிலில் இறங்குவோர் சறுக்குவது பூக்கட்டும் கைவண்ணத்தில் அல்ல, மூன்று மாதம் முன்னதாகவே மொத்தத் தொகையை வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுவதில்தான். அட்வான்ஸ் வாங்கும் நாளில் இருக்கும் மல்லிகை விலைக்கும் முகூர்த்த நாள் விலைக்கும் தொடர்பே இருக்காது. ஆகவே அளவை உறுதியாக எழுதுங்கள்: இத்தனை கிலோ மல்லிகை, இத்தனை மாலை, இத்தனை முழம் சரம். கட்டுக்கூலி, வண்டி வாடகை, அலங்காரக் கூலி ஆகியவற்றுக்கு நிலையான தொகை போடுங்கள். பூவின் விலை மட்டும் அன்றைய மார்க்கெட் விலைப்படி என்றும், அது ஓர் எல்லையைத் தாண்டினால் எந்தப் பூவை மாற்றாகத் தருவீர்கள் என்றும் சேர்த்து எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். மாற்றுப் பூ எழுதாத ஒப்பந்தத்தில்தான் மண்டப வாசலில் சண்டை வருகிறது. முழக்கணக்கிலும் கவனம் தேவை: முழம் கட்டுபவரின் கையைப் பொறுத்தது, நெருக்கமும் ஆளுக்கு ஆள் மாறும், எனவே சரத்தின் மாதிரி ஒன்றைக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

மலர்ந்துபோனது, அடிபட்டது என்று கழியும் பூவுக்காகத் தேவையைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குவது என் வழக்கம். பூவைவிட ஆள் கிடைப்பது கடினம். பெரிய முகூர்த்த நாளில் பூக்கட்டும் பெண்கள் எல்லோரும் ஏற்கெனவே எங்காவது ஒப்புக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு வாடிக்கையாளரிடம் தேதியை ஒப்புக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு மேடை அலங்காரம் வேண்டாம். மாலை, தலைப்பூ, பூஜடை ஆகிய மூன்றில் பெயர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): மேடைக்கு ஜெர்பரா செருகும் பச்சை ஃபோம் பாதியில் உலர்ந்துவிடுகிறது. ஏன்?

பதில்: தண்ணீரில் அழுத்தி மூழ்கடித்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் நடுவில் காற்று அடைபட்டு உள்ளே நீர் ஏறாது. அகலப் பாத்திரத்தில் மிதக்கவிட்டு, தானாக அமிழும் வரை காத்திருங்கள். ஒரு முறை செருகிய காம்பை இழுத்துச் சரிசெய்யாதீர்கள். அடியில் இடைவெளி விழுந்து காம்புக்குத் தண்ணீர் எட்டாது. ஃபோம் மக்காத பொருள் என்பதால், கல்யாணம் முடிந்ததும் வாடிய பூவை உரக்குழிக்கும் ஃபோமைக் குப்பைக்கும் தனித்தனியாகப் பிரித்து அனுப்புங்கள்.

கேள்வி (அவிநாசி): வாசல் தோரணத்துக்கு அரளி கட்டலாமா? வீட்டில் சிறு குழந்தைகள் உண்டு.

பதில்: உயரத்தில் கட்டுவதானால் கட்டலாம். அரளிச் செடியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. குழந்தை கைக்கு எட்டும் தூணிலும், ஆரத்தித் தட்டிலும், சாப்பாட்டு மேசையிலும் வைக்க வேண்டாம். அங்கெல்லாம் செவ்வந்தியோ செண்டுமல்லியோ வையுங்கள். அரளி கட்டியவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட உட்கார வேண்டும்.