நாலாங்கிளாஸ் புள்ளைக்கு 6,500 ரூபா லீடர்ஷிப் கேம்ப் தேவையா?

வலங்கைமான் பக்கத்துலேருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. மக ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில நாலாவது படிக்குது, வீட்ல வாய் ஓயாது, கிளாஸ்ல எந்திரிச்சு நின்னா பேச்சே வராது. கராத்தே சொல்லித் தர்ற மாஸ்டர் ஒருத்தர் வந்து, தஞ்சாவூர்ல ரெண்டு நாள் 'இளம் தலைவர்' கேம்ப், 6,500 ரூபா, மெடலும் சர்டிபிகேட்டும் உண்டு, பின்னாடி காலேஜ் சீட்டுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கெல்லாம் உதவும்னு சொல்லிட்டுப் போயிருக்கார். குறுவை அறுத்த காசு கையில இருக்கு, கட்டலாமா, வீட்டுக்காரர் வேணாங்கறார், கட்டாம விட்டா புள்ளை பின்தங்கிடுமோன்னு பயமா இருக்குங்கறாங்க.

கட்டாதீங்கம்மா. முப்பது வருஷத்துக்கு மேல தொடக்கப் பள்ளியில இருந்துட்டு ரிட்டயர் ஆனவ சொல்றேன், நாலாங்கிளாஸ்ல வாங்குன எந்த சர்டிபிகேட்டையும் எந்த காலேஜும் எடுத்துப் பாக்காது. ஸ்போர்ட்ஸ் கோட்டான்னா அதுக்குன்னு தனி படிவம் இருக்கு, அங்கீகாரம் உள்ள விளையாட்டுச் சங்கமோ பள்ளிக் கல்வித் துறையோ நடத்துன போட்டியில, அதுவும் பெரிய கிளாஸ்ல ஆடி ஜெயிச்சதத்தான் எடுத்துக்குவாங்க. ரெண்டு நாள் ஏசி ஹால்ல உக்காந்து கைத்தட்டுனதுக்கு மார்க் கிடையாது.

அந்த மாஸ்டர் திரும்ப வந்தா ஒண்ணே ஒண்ணு கேளுங்க, "இந்த சர்டிபிகேட்ட எந்த ஆபீஸ்ல ஏத்துப்பாங்க சார், அத உங்க லெட்டர்பேட்ல எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க"ன்னு. எழுத மாட்டாங்க. இவங்கள்ல நிறைய பேருக்கு தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன், நம்ம புள்ளை அவங்களுக்கு ஒரு தலை, அவ்வளவுதான்.

இதுல 'உலக சாதனை'ன்னு ஒரு கூத்து இருக்கு, அதச் சொல்லாம விட மனசு வரல. சித்திரை வெயில்ல ஒரு மைதானத்துல இருநூறு முன்னூறு புள்ளைங்கள வரிசையா நிறுத்தி சிலம்பம் சுத்த விட்டாங்க, எங்க பள்ளிப் புள்ளைங்க ஏழு பேரு அதுல, ஒவ்வொருத்தங்க வீட்லயும் ஆயிரத்துக்கு மேல வாங்கியிருக்காங்க. எனக்கு விஷயம் தெரிஞ்சு ஓடுறதுக்குள்ள ரெண்டாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு வாந்தி எடுத்துட்டு தண்ணி டேங்க் நிழல்ல படுத்துக் கிடக்கு, கையில மட்டும் கம்ப விடல. சாயங்காலம் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஷீல்டு, பேர் எழுதுற எடம் காலி, வீட்ல போய் நீங்களே எழுதிக்கங்கன்னுட்டாங்க. அந்த ஷீல்டு இன்னைக்கும் அந்தப் பொண்ணு வீட்டு டிவி மேல இருக்கு, எனக்குப் பாக்குறப்பல்லாம் வயிறு எரியும்.

இதுல ஒரு விதிவிலக்கு செஸ். அதக் கொஞ்சம் விளக்கமாவே சொல்லணும், ஏன்னா அதையும் வச்சு ஏமாத்துறாங்க. செஸ்ல ஏழு வயசுக்குள்ள, ஒன்பது வயசுக்குள்ளன்னு உண்மையான பிரிவே இருக்கு, மாவட்டம், மாநிலம், தேசியம்னு போகலாம், சின்னப் புள்ளை எடுக்குற ரேட்டிங், அதாவது ஆட்டத் திறமைக்குக் குடுக்குற புள்ளி, நெசமாவே ரேட்டிங்தான். ஃபிடேன்னு உலக செஸ் அமைப்பு, அதுல புள்ளைக்கு ஒரு ஐடி நம்பர் இருக்கும், அத அவங்க வெப்சைட்ல யாரு வேணா காசில்லாம போட்டுப் பாக்கலாம். 2024 மார்ச்லேருந்து கிளாசிகல்னு சொல்ற நீண்ட நேர ஆட்டத்துல 1400-க்குக் கீழ ரேட்டிங்கே கிடையாது, அதனால உங்க புள்ளைக்கு கிளாசிகல்ல 1100 ஃபிடே ரேட்டிங் வந்துருச்சுன்னு யாராவது இப்ப சொன்னா பொய்னு தெரிஞ்சுக்கங்க. கல்யாண மண்டபத்துல 'இன்டர்நேஷனல்'னு பேனர் கட்டி வந்தவங்களுக்கெல்லாம் கப்பு குடுக்குறது வேற, இது வேற. உங்க பொண்ணு தானா காய எடுத்து வச்சு மணிக்கணக்கா உக்காருதுன்னா செஸ்ஸுக்கு செலவு பண்ணுங்க, தப்பில்ல. உக்காரலன்னா விட்டுருங்க.

இப்ப காசில்லாம என்ன கிடைக்கும்னு பாப்போம். 2024 நவம்பர்லேருந்து அரசுப் பள்ளிகள்ல மகிழ் முற்றம்னு இருக்கு, புள்ளைங்கள குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலைன்னு அஞ்சு குழுவா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் மாணவத் தலைவர் வைக்கணும், உங்க மக எந்தக் குழுன்னு அதுக்கே தெரியுமான்னு கேட்டுப் பாருங்க. கலைத் திருவிழாவும் இப்ப ஒண்ணாவதுலேருந்தே உண்டு, கதை சொல்றது, மாறுவேஷம், களிமண்ல உருவம் செய்யறது எல்லாம். சாரணர்ல சின்னப் பசங்களுக்கு குருளையர், பொண்ணுங்களுக்கு நீலப்பறவையர், ஆறு ஆறு பேரா பிரிச்சு ஒரு புள்ளைய தலைமைக்கு விடுவாங்க, ஆனா பத்து வயசு வரைக்கும்தான், அதனால சீக்கிரம் கேளுங்க. தஞ்சாவூர்ல கலை பண்பாட்டுத் துறையோட ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கு, 5 வயசுலேருந்து 16 வரை, பாட்டு, பரதம், ஓவியம், பீஸ் ரொம்பக் கம்மி. அரசு இசைப்பள்ளியில சேத்துடுறேன்னு எவனாவது காசு கேட்டா குடுத்துடாதீங்க, அங்க 12 வயசு ஆகணும்.

இதெல்லாம் இருக்கு, ஆனா புள்ளைக்கு வந்து சேர மாட்டேங்குது, அதான் எனக்குக் கோவம். ரெண்டு டீச்சர் அஞ்சு கிளாஸ் பாக்குறாங்க, தொடக்கப் பள்ளிக்கு பி.டி. வாத்தியார் கிடையாது, இருக்குற டீச்சரும் போன்ல விவரம் ஏத்திக்கிட்டே இருக்கணும், அப்புறம் எங்க விளையாட்டு. பிரேயர்ல திருக்குறள் சொல்றது வருஷம் பூரா ஒரே புள்ளைதான், ஏன்னா ஆபீசர் வந்தா அது தப்பில்லாம சொல்லும். மத்த புள்ளைங்க நின்னு கேட்டுட்டு போகுதுங்க.

எங்கிட்ட ஒரு பொண்ணு இருந்துச்சு, உங்க மக மாதிரியேதான், கேள்வி கேட்டா பாவாடைய முறுக்கும். பேசு பேசுன்னு சொல்றத விட்டுட்டு புஸ்தக அலமாரி சாவியக் குடுத்தேன். கட்டம் போட்ட நோட்டு ஒண்ணு, அதுல நூல் கட்டித் தொங்குற பென்சில், யாரு எடுத்தா எப்ப குடுத்தான்னு எழுதணும். மொத வாரம் விரல மட்டும் நீட்டிக் காட்டுச்சு. ஆடி மாசம் தாண்டுறதுக்குள்ள ஒரு நாள் நான் போய் ஒரு புக்க எடுக்கப் போறேன், கதவ ஒரு கையால புடிச்சுக்கிட்டு "டீச்சர், நீங்க போன வாரம் எடுத்தது இன்னும் வரல"ங்குது.

அதனால திங்கக்கிழமை ஹெச்.எம். கிட்ட போங்க. லீடர் ஆக்குங்கன்னு கேக்காதீங்க, அந்தப் பதவிக்கு ஏற்கனவே நாலு பேரு சண்டை. தினமும் செய்யற வேலை ஒண்ணு குடுங்கன்னு கேளுங்க, அலமாரி சாவி, காலை உணவுக்கு வந்த புள்ளைங்க எண்ணிக்கை, செடிக்குத் தண்ணி, எதுவானாலும் சரி. ஒரு வாரத்துல புடுங்கிடாம ஒரு டேர்ம் விடச் சொல்லுங்க. அவங்க நேரமில்லன்னா பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துக்குப் போய் பிரேயர்ல முறை மாத்தி எல்லாப் புள்ளையையும் பேச விடணும்னு சொல்லி தீர்மான நோட்டுல ஏத்துங்க. அந்தக் குழுவுல முக்கால்வாசி பேர் பெத்தவங்கதான் இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு, தயங்காதீங்க. உங்க வீட்டுக்காரர் சொன்னது சரிதான், 6,500-அ சம்பா செலவுக்கு வச்சுக்கங்க, அதுல ஒரு இருநூறுக்கு மட்டும் அவளுக்குப் புடிச்ச கதைப் புஸ்தகமா வாங்கிக் குடுங்க.