ஷூவைக் கழற்றாத பிள்ளை

வணக்கம். ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். பெரியவளுக்கு 9 வயது, தம்பிக்கு 4. பெற்றோருக்குப் பயணமும் விருந்தும்தான் முக்கியம். "சனிக்கிழமை வெளியே கூட்டிப்போறேன்" என்பார் அப்பா, வரமாட்டார். சின்னவன் ஷூவைக் கழற்றாமலே தூங்கிவிடுகிறான். "அப்பாவுக்கு அவசர வேலை" என்று எத்தனை நாள் சொல்வது? இப்போது என்னையே அம்மா என்கிறான்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த 'அவசர வேலை'யை முதலில் நிறுத்துங்கள். சின்னவன் நம்பலாம், பெரியவள் நம்பமாட்டாள், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டாள். அதற்காக அப்பாவைத் திட்டவும் வேண்டாம். அவரை விட்டுக்கொடுக்க முடியாமல் பிள்ளைகள் உங்களோடு மல்லுக்கு நிற்பார்கள். "வரேன்னு சொன்னார், வரலை. நீ எந்தத் தப்பும் பண்ணலை." இவ்வளவு போதும். இரண்டாவது வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான்கு வயதில் எல்லாமே தன்னால் நடப்பதாகத் தோன்றும். நேற்று அழுதேன், அதனால் அப்பா வரவில்லை என்று அவனே கணக்குப் போட்டுக்கொள்வான்.

காத்திருப்புக்கு ஒரு முடிவு வையுங்கள். "பெரிய முள் ஆறுக்கு வர்ற வரைக்கும் பார்ப்போம். வரலைன்னா ஷூவோட பந்து விளையாடப் போகலாம்." அரை மணிக்கு மேல் இழுக்க வேண்டாம்.

பெரியவளைப் பற்றி வயதுக்கு மேல் ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. தம்பிக்கு ஊட்டி, பல் தேய்த்துவிட்டு, சத்தமே இல்லாமல் இருக்கிறாளா? பொறுப்பான பெண் என்று எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கு அவளை நினைத்தால்தான் கவலை. வேலைகளை ஒரேயடியாகப் பிடுங்கினால் தான் யாருக்கும் வேண்டாதவள் என்று நினைப்பாள். கதை படித்துக்காட்டுவது அவளிடமே இருக்கட்டும். ஊட்டுவதையும் இரவில் எழுந்து பார்ப்பதையும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தம்பி தூங்கியபின் தினமும் 15 நிமிடம் அவளோடு மட்டும் உட்காருங்கள்.

அம்மா என்று கூப்பிட்டால் திருத்தாதீர்கள், திரும்பிப் பாருங்கள். ஆனால் தாய் தன் காதால் கேட்பதற்கு முன் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு சொல்லால் வேலை போவது உண்டு.

பெற்றோரிடம் "பிள்ளைகளோடு நேரம் செலவிடுங்கள்" என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "புதன் இரவு 7.30, போனில் பத்து நிமிடம்" என்று கேளுங்கள். மருத்துவமனைக்கு அழைத்துப்போக எழுத்தில் அனுமதி, அவசரத்துக்கு இன்னொரு உறவினர் எண் இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

குழந்தைகளின் பிணைப்பு பற்றி ஆராய்ந்த ஜான் பவுல்பியை வளர்த்த ஆயா, அவருக்கு ஏறக்குறைய நான்கு வயதில் வேலையை விட்டுப் போனார். பாசமான ஆயா அப்படிப் போவது தாயை இழப்பதற்குக் கிட்டத்தட்ட நிகர் என்று பவுல்பி பின்னாளில் எழுதினார். நீங்களும் ஒருநாள் போக நேரலாம். பிள்ளைகள் தூங்கும்போது போகாதீர்கள். ஒரு வாரம் முன்பே சொல்லி, எந்த நாள் போன் செய்வீர்கள் என்பதைக் காலண்டரில் அவர்களையே வட்டமிட வையுங்கள்.