நோவா பென்னட்டின் கடைசிப் பொய்

வணக்கம்.

'ஹீரோஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்தை என் மகளோடு சேர்ந்து மறுபடியும் பார்க்கத் தொடங்கினேன். முதன்முறை பார்த்தபோது எனக்குத் திருமணம்கூட ஆகியிருக்கவில்லை. இப்போது மகளுக்குப் பதினாறு வயது, ஏறக்குறைய தொடரில் வரும் கிளேரின் வயது.

சூப்பர் ஹீரோ கதை என்றால் பறப்பதும் இடித்துத் தள்ளுவதும்தான் என்று நினைப்பவர்களிடம் நான் எப்போதும் நோவா பென்னட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன். வெளியுலகுக்கு அவர் காகித நிறுவனம் ஒன்றின் ஊழியர். உண்மையில், அபூர்வ சக்தி உள்ளவர்களைப் பிடித்து அடையாளமிடும் ரகசிய அமைப்பின் ஆள். வளர்ப்பு மகள் கிளேருக்கும் அப்படி ஒரு சக்தி இருக்கிறது. எந்தக் காயமும் உடனே ஆறிவிடும். அதைத் தன் அமைப்புக்கே தெரியாமல் மறைக்கிறார். அதற்காக மனைவி, மகன் என்று வீட்டிலிருப்பவர்களின் நினைவையும் அழிக்க வைக்கிறார்.

என்னைப் பொறுத்தவரை அந்தத் தொடரின் உண்மையான நாயகன் அவர்தான். மகளோ 17ஆவது அத்தியாயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "இவர் நல்ல அப்பாவே இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. 'பொய்மையும் வாய்மை யிடத்த' என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே. வளர்த்த பிள்ளையைக் காப்பாற்றச் சொன்ன பொய் எப்படிக் குற்றமாகும்? குடும்பத்துக்கு விசுவாசமாக இருப்பது என்றால் அதற்காக எதையும் செய்யத் துணிவதுதானே?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது, சான்ட்ராவின் பெயர் அதில் எங்குமே வரவில்லை. 'மனைவி' என்ற ஒரு சொல்லோடு அவளைக் கடந்துவிட்டீர்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தொடரே வெகுதூரம் வரை அவளை அப்படித்தான் நடத்துகிறது. மிஸ்டர் மகிள்ஸ் என்ற செல்ல நாயைக் கொஞ்சிக்கொண்டு, சிரித்த முகத்தோடு வீட்டுக்குள் வளைய வரும் பெண். கணவர் ஏன் இவ்வளவு பயணம் போகிறார், எதற்கு இவ்வளவு மர்மம் என்று இவள் கேட்கவே மாட்டாளா என்றுகூட நமக்குத் தோன்றாது. பிறகுதான் தெரிகிறது, அவளுக்குத் தெரியவரும்போதெல்லாம் தெரிந்ததை வழித்து எடுத்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் இது நடந்திருக்கிறது. கடைசியில் அவளுடைய நினைவு தடுமாறுகிறது, மயங்கி விழுகிறாள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள்.

நீங்கள் காட்டிய குறளுக்கு வருகிறேன். 292ஆவது குறள். பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்.

நன்மை தந்தால் பொய்யும் மெய்யாகும் என்று வள்ளுவர் சொல்லியிருந்தால் உங்கள் பக்கம் தீர்ப்பாகியிருக்கும். அவர் 'புரைதீர்ந்த நன்மை' என்கிறார். புரை என்றால் குற்றம், களங்கம். உள்ளே துளைத்துக்கொண்டு போகும் பொந்துக்கும் அதே சொல்தான். புண் புரையோடிவிட்டது என்கிறோமே, அந்தப் புரை. சான்ட்ராவின் தலைக்குள் இருப்பது அதுதான். மேலே தோல் மூடியிருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, உள்ளே பொந்து. கிளேருக்குக் கிடைத்த நன்மை மெய்யானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது புரை தீர்ந்த நன்மை என்று என்னால் சொல்ல முடியாது.

அப்படியென்றால் நோவா கெட்டவரா என்று கேட்பீர்கள். இல்லை. அவர் எப்படி இந்த இடத்துக்கு வந்தார் என்பதை உங்கள் மகள் எழுந்துபோன அதே அத்தியாயம் காட்டுகிறது. 'கம்பெனி மேன்' என்று பெயர். பிரையன் ஃபுல்லர் எழுதியது, 2007 பிப்ரவரி 26 அன்று என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பழைய நாட்களைக் கறுப்பு வெள்ளையில் சொல்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மொட்டைமாடியில் கைக்குழந்தை ஒன்று நோவாவின் கைக்கு வருகிறது. கொடுப்பவர் அமைப்பின் மூத்தவர்களில் ஒருவர், தொடரில் வரும் ஹீரோ நகமுரா என்ற பாத்திரத்தின் தந்தை கைட்டோ நகமுரா. வளர்த்துக்கொள், ஆனால் இவளிடம் சக்தி வெளிப்படும் நாளில் எங்களிடம் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, கிளேர் அந்த வீட்டுக்கு மகளாக வரவில்லை, ஒப்படைப்புப் பொருளாக வந்தாள். அவளை மகளாக்கியது நோவா. அந்த மாற்றம் எந்த நாளில் நடந்தது என்று தொடர் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. வளர்த்தவர்களுக்கே அந்த நாள் தெரியாது.

அதே கறுப்பு வெள்ளைக்குள்தான் கிளாடும் வருகிறான். நோவாவின் பழைய கூட்டாளி, கண்ணுக்குத் தெரியாமல் மறையக்கூடியவன். சக்தி உள்ள ஒருவரை அமைப்பிடமிருந்து ஒளித்து வைத்தான் என்பது அவன் செய்த குற்றம். உத்தரவு வருகிறது. ஒரு பாலத்தில் வைத்து நோவா அவனைச் சுடுகிறார். செஞ்சோற்றுக் கடன் என்று நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறதே, சோறிட்டவனுக்காக நியாயத்தின் எதிர்ப்பக்கம் நிற்க வைக்கும் கடன், அதை நோவா அன்று அமைப்புக்குக் கட்டினார். கிளாட் எதற்காகச் சுடப்பட்டானோ அதையேதான் சில ஆண்டுகள் கழித்து நோவாவும் தன் வீட்டுக்குள் செய்கிறார். அந்த அத்தியாயம் இதை வசனமாகச் சொல்வதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. எனக்கு அந்த எழுத்தின் மீது பெரிய மரியாதை உண்டு.

இனி பென்னட் வீட்டு வரவேற்பறைக் காட்சி. அமைப்பால் கடத்தப்பட்டு அடையாளமிடப்பட்ட இரண்டு பேர் பதில் கேட்டு வீட்டுக்குள் நுழைந்து குடும்பத்தையே பிணையாகப் பிடிக்கிறார்கள். டெட் ஸ்ப்ரேக் உடலிலிருந்து அணுக்கதிர் கிளம்பும். பதறினால் வீடே மிஞ்சாது. மாட் பார்க்மன் காவல்துறையில் இருந்தவன், மனதில் ஓடுவதைக் கேட்பவன். பேச்சு முற்றுகிறது. சான்ட்ராவின் உயிர் போகப்போகிறது என்ற நொடியில் நோவா வாயைத் திறக்காமல், மனதுக்குள்ளேயே மாட்டிடம் சொல்கிறார்: கிளேரைச் சுடு. அவள் பிழைத்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். மாட் சுடுகிறான். கிளேர் விழுகிறாள். சான்ட்ராவுக்கு எதுவும் தெரியாது. அவள் கண்ணெதிரே மகள் செத்துக் கிடக்கிறாள்.

இந்தக் காட்சியை நீங்கள் ஒரு தந்தையின் சமயோசிதமாகப் பார்த்திருப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். மறுபடி பார்த்தபோது சான்ட்ராவின் முகத்தை மட்டும் பார்த்தேன். அவளுடைய உயிரைக் காப்பாற்றுவதற்காகத்தான் எல்லாம். ஆனாலும் அந்தச் சில நிமிடங்கள் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக அவளை வாழ வைத்துவிட்டார்கள். வேறு வழி இருக்கவில்லை என்பது அந்த நொடிக்குப் பொருந்தும். அந்த நொடி வரை வந்து சேர்ந்த இத்தனை ஆண்டுகளுக்குப் பொருந்தாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் வீட்டில் நடந்த ஒன்றும் காரணம். என் தந்தைக்கு நோய் முற்றிவிட்டது என்று மருத்துவர் சொன்னதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. அல்சர் என்றோம். மாத்திரை அட்டைகளில் பெயர் இருந்த பக்கத்தைக் கத்தரித்துவிட்டுத்தான் டப்பாவில் வைப்பேன். நான்கு மாதம் இப்படி ஓடியது. அவர் போன பிறகு, அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள் நான்காக மடித்த ஒரு துண்டுத்தாள் கிடந்தது. அந்த மாத்திரையின் பெயரை, எழுத்துக்கூட்டி, இரண்டு முறை பென்சிலால் எழுதியிருந்தார். எப்போது கண்டுபிடித்தார், யாரிடம் கேட்டார், தெரியாது. எங்களுக்காக அவரும் மறைத்திருக்கிறார். அந்த நான்கு மாதத்தில் யாரைப் பார்க்க ஆசைப்பட்டார், எதைப் பேசி முடிக்க நினைத்தார் என்று நாங்கள் கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் உடைந்துவிடுமே என்று கேட்கவில்லை. அன்பினால் செய்தோம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அதற்கான விலையை அவர் கொடுத்தார் என்பதிலும் சந்தேகம் இல்லை.

ஆகவே, குடும்ப ரகசியம் என்று வந்தால் நான் இப்போதெல்லாம் முதலில் பார்ப்பது அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைத்தான். சூப்பர்மேனாகப் போகும் கிளார்க் கென்ட்டின் இளமையைச் சொல்லும் 'ஸ்மால்வில்' தொடரில் பீட் ராஸ் இருக்கிறான் அல்லவா? கிளார்க்கின் ரகசியம் இரண்டாம் பருவத்தில் அவனுக்குத் தெரிகிறது. கென்ட் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை, வெறும் நண்பன். அந்த ரகசியத்துக்காக ஓர் அதிகாரியிடம் அடிபடுகிறான், வாய் திறக்கவில்லை. இனியும் தாங்காது என்று மூன்றாம் பருவத்தின் முடிவில் ஊரைவிட்டே போய்விடுகிறான். காட்டிக்கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் ஒருவன் நண்பனையே விட்டுப் போவதை எத்தனை சூப்பர் ஹீரோ கதைகளில் பார்த்திருக்கிறோம்? அவன் போன பிறகு அவனைப் பற்றிப் பெரிதாகப் பேசுவார் இல்லை. எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

நோவாவிடம் திரும்புகிறேன். ஏனென்றால் அவருக்காகச் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

டெட்டால் வீடு பற்றியெரிந்த பிறகு, கிளேரின் வெந்த தோல் அமைப்பின் அதிகாரி தாம்சனின் கண்ணெதிரே வளர்ந்து மூடுகிறது. மறைக்க இனி எதுவும் இல்லை. அவளைக் கொண்டுவா என்று உத்தரவு. நோவா அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போகிறார். அங்கே ஹெய்ட்டியன் நிற்கிறான். சான்ட்ராவின் நினைவை அழித்தவன் அவன்தான். கிளேரின் நினைவையும் அழிக்கச் சொல்லித்தான் நோவா அவனை ஒருநாள் அனுப்பினார். அவன் அழிக்கவில்லை, அழித்ததாகக் காட்டிக்கொள் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு உத்தரவிடும் இடம் வேறு, அது தொடரில் வரும் பெட்ரெல்லி என்ற இன்னொரு குடும்பத்தின் ரகசியம், அதற்குள் போனால் இந்தக் கடிதம் முடியாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவன் மட்டும் சொன்னபடி செய்திருந்தால், தன் தந்தை யார் என்பதே கிளேருக்குத் தெரிந்திருக்காது. பாலத்தில் அவள் கட்டிக்கொண்டு அழுவதற்கு ஒரு தந்தையும் இருந்திருக்க மாட்டார், காகிதம் விற்கும் ஒருவர்தான் இருந்திருப்பார்.

அங்கேதான் நோவா தன் கடைசிப் பொய்யைத் தயார் செய்கிறார். அவளை நீ கூட்டிக்கொண்டு போ, என்னைச் சுடு, நீ எங்களை மறித்துப் பறித்துக்கொண்டு போனதாக இருக்கட்டும், பிறகு என் நினைவை எடுத்துவிடு, ஆழமாகப் போய் எல்லாவற்றையும் எடு. இத்தனை ஆண்டுகளாக மற்றவர்கள் தலையில் வைத்த கத்தியை முதன்முறையாகத் தன் தலையில் வைக்கச் சொல்கிறார். மகள் எங்கே என்று யார் எப்படிக் கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. பாலத்தில் நண்பனைச் சுட்டவர் பாலத்தில் நின்று தன்னைச் சுடச் சொல்கிறார். செஞ்சோற்றுக் கடனை அங்கே அறுத்துவிடுகிறார். நீங்கள் அவரை நாயகன் என்று சொன்னதை நான் ஒப்புக்கொள்வது இந்த இடத்தில்தான். இதற்கு முன்பு அல்ல.

ஆனால் ஒரு நல்ல செயலால் பழைய கணக்கு தீர்ந்துவிடுவதில்லை, அடுத்த அத்தியாயமே அதைக் காட்டிவிடுகிறது. நோவா வீடு திரும்புகிறார். சான்ட்ராவிடம், இப்போதாவது, மனம் திறந்து தன் திட்டத்தைச் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருப்பது சான்ட்ராவே இல்லை. வேறு உருவங்களைத் தோன்றச் செய்யும் கேண்டிஸ், அமைப்பு அனுப்பிய ஆள். தனக்கு எதிரே இருப்பவள் தன் மனைவி இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் அவள் நினைவில் எதை விடலாம், எதை எடுக்கலாம் என்று தீர்மானித்தவருக்கு அவளை அடையாளம் காணத் தெரியவில்லை. அந்தக் காட்சி திகிலுக்காக வைக்கப்பட்டது என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அது ஒரு திருமணத்தின் கதையாகத் தெரிகிறது. நான்காம் பருவத்தில் இருவரும் விவாகரத்து ஆனவர்கள் என்று வரும்போது நான் ஆச்சரியப்படவில்லை.

எதையும் செய்யத் துணிவதுதான் விசுவாசமா என்று கேட்டிருந்தீர்கள். தன்னை வைத்துத் துணிந்தால், ஆம். சான்ட்ராவை வைத்துத் துணிவதற்கு நோவாவுக்கு யாரும் உரிமை கொடுக்கவில்லை. அவளிடம் ஒரு முறை கேட்டிருந்தால், கிளேருக்காக அவள் அதைவிடப் பெரிதாகவே எதையாவது செய்திருப்பாள் என்று நம்புகிறேன். அவளும் தாய்தானே.

உங்கள் மகள் எந்த இடத்தில் எழுந்து போனாள் என்று நீங்கள் எழுதவில்லை. வரவேற்பறைக் காட்சியாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் அவள் சொன்னது அதுவரைக்கும் சரி. பாலம் இன்னும் வரவில்லை. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் அவளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.