வாசகர் கேள்வி பதில்: அஸ்காரியும் 26-ஆம் தேதியும்

போன இதழில், இத்தாலியின் மொன்ஸா பந்தயத் திடலில் அஸ்காரி என்ற பெயரில் ஒரு வளைவு இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இங்கே மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டிலிருந்தே இத்தனை பேர் கேள்வி அனுப்பியிருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. நாலை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: யார் இந்த அஸ்காரி? நான் பார்ப்பதெல்லாம் இப்போதைய எஃப் 1 மட்டும்தான். (டவுனில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் தம்பி)

பட்டறைக்காரருக்குப் பிடிக்கிற மாதிரியே ஆரம்பிக்கலாம். அல்பெர்ட்டோ அஸ்காரி முதலில் பந்தயம் ஓட்டியது உங்கள் பட்டறைக்கு வருகிற மாதிரி இரண்டு சக்கர மோட்டாரில்தான், பியாங்கி கம்பெனிக்காக. 1918-இல் மிலானில் பிறந்தவர். என்ஸோ ஃபெராரி ஆல்ஃபா ரோமியோ கார் கம்பெனியிலிருந்து தனியாகப் பிரிந்து வந்து செய்த முதல் காரை 1940-இல் மில்லே மில்லியா என்ற இத்தாலியச் சாலைப் பந்தயத்தில் ஓட்டினார். அது பாதியிலேயே நின்றுவிட்டது. போர்க்காலத்தில் நண்பர் வில்லோரெசியுடன் சேர்ந்து எண்ணெய் ஏற்றி அனுப்பும் தொழில், அப்புறம் 1949-இல் ஃபெராரி அணி, 1952-லும் 1953-லும் எஃப் 1 உலகப் பட்டம். அவருக்குப் பிறகு எழுபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, பட்டம் வென்ற அடுத்த இத்தாலியரை அந்த நாடு காணவில்லை. 1954-இல் லான்சியா அணிக்கு மாறி, முன்பு பாதியில் நின்ற அதே மில்லே மில்லியாவை ஜெயித்தார்.

கேள்வி: அப்பா, மகன் இருவருமே 26-ஆம் தேதி, 36 வயதில் இறந்தார்களாமே? இது விதி இல்லையா ஐயா? எங்கள் ஒட்டுக்கடையில் நாலு நம்பர் லாட்டரியில் 2636 எடுக்கலாமா என்று பேச்சு. (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

தேதியும் வயதும் உண்மைதான். அப்பா அந்தோனியோ அஸ்காரி 1925 ஜூலை 26 அன்று பிரான்ஸின் மோன்லேரி திடலில் ஆல்ஃபா ரோமியோவில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஓரத்து மரவேலியில் மோதி இறந்தார். மகனுக்கு ஏழு வயது நிறைந்து 13 நாள்தான் ஆகியிருந்தது. அந்த மகன் 1955 மே 26 அன்று மொன்ஸாவில் இறந்தார்.

நம் ஊரில் லோரி கவிழ்ந்தால் போலீஸ் வருவதற்கு முன்னே பிளேட்டு நம்பரை எழுதிக்கொண்டு நாலு நம்பர் கடைக்குப் போகிறவர்களை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், எனக்கு அது பிடித்ததே இல்லை, ஏனென்றால் நம்பர் மட்டும் மிஞ்சி ஆள் மறைந்துபோகிறார். அஸ்காரிக்கும் அதேதான் நடந்திருக்கிறது. அந்த நாலு நாளில் உண்மையில் என்ன நடந்தது என்று பாருங்கள். மே 22, மொனாக்கோ. அந்தக் காலத்தின் பெரிய ஓட்டுநர் ஃபாஞ்சியோவின் கார் ஏற்கெனவே நின்றுவிட்டது. முன்னால் போன இங்கிலாந்து ஓட்டுநர் மாஸின் காரும் எஞ்சின் கெட்டு நிற்க, முதலிடம் தன் கைக்கு வருகிற அதே சுற்றில், அஸ்காரியின் லான்சியா தடுப்பை உடைத்துக்கொண்டு துறைமுகக் கடலுக்குள் பாய்ந்தது. நீந்தி மேலே வந்தார், மூக்கு உடைந்ததோடு தப்பினார். நாலாம் நாள், கஸ்தெலோட்டி என்ற இளைஞர் புது ஃபெராரியைச் சோதித்துப் பார்ப்பதை வேடிக்கை பார்க்க மொன்ஸா போனவர், சாப்பாட்டுக்கு முன் சில சுற்று நானும் ஓட்டுகிறேன் என்று, கோட்டும் டையுமாக, கஸ்தெலோட்டியின் தலைக்கவசத்தையே வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறினார். தன் நீலக் கவசத்தை அதிர்ஷ்டமாக நினைத்து, அது இல்லாமல் ஓட்டவே மாட்டேன் என்றிருந்த மனிதர்! மூன்றாவது சுற்றில் கார் கவிழ்ந்தது. ஏன் என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விபத்துக்குப் பிறகு பயம் உடம்பில் தங்கிவிடும், அதனால் சீக்கிரமே மறுபடி ஏறிவிட வேண்டும் என்பது அந்தத் தொழிலில் இருந்தவர்களின் எண்ணம். நான் இதை நம்புகிறேன், 26-ஐ அல்ல.

கேள்வி: 1952-இல் ஃபாஞ்சியோ கழுத்து உடைந்து படுத்திருந்தார், ஆல்ஃபா ரோமியோ விலகிவிட்டது. ஆளில்லாத களத்தில் ஜெயித்தவரை ஏன் இப்படிக் கொண்டாட வேண்டும்?

நியாயமான கேள்வி. அந்த வருடம் இரண்டு லிட்டர் கார்களுக்குத்தான் பட்டம், அதில் ஃபெராரியை மிஞ்ச ஆளில்லை என்பதும் உண்மை. ஆனால் அதே ஃபெராரியைத்தான் 1950-இன் உலகச் சாம்பியன் ஃபாரினாவும் ஓட்டினார், வில்லோரெசியும் ஓட்டினார். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயத்துக்குப் போய்வந்ததால் ஸ்விட்சர்லாந்துப் பந்தயத்தைத் தவறவிட்ட அஸ்காரி, மீதியிருந்த ஆறையும் ஜெயித்தார். 1953-இல் ஃபாஞ்சியோ மசராட்டி காரில் திரும்பி வந்தார். அஸ்காரிக்கு ஐந்து வெற்றி, அவருக்கு ஒன்று. இண்டியானாபோலிஸைக் கணக்கில் சேர்க்காமல் தொடர்ந்து 9 வெற்றி, அதைத் தாண்ட 2023-இல் வெர்ஸ்டாப்பன் வரவேண்டியிருந்தது. 1951-இல் ஆல்ஃபா முழு பலத்தோடு இருந்தபோதே நூர்பர்கிரிங்கிலும் மொன்ஸாவிலும் ஃபாஞ்சியோவை வென்றவர்தான் இவர். அந்த வருடப் பட்டம் போனது டயரால்: ஸ்பெயினில் ஃபெராரி அணி சிறிய சக்கரங்களைப் போட்டது, டயரின் மேல்பட்டை பிய்ந்து பிய்ந்து போனது. டயருக்கான ரப்பர் பால்மரம் வெட்டிய ஊர்க்காரன் என்பதாலோ என்னவோ, இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கேள்வி: என் அப்பா செம்பனை லோரி ஓட்டினார். எங்களைத் தூக்கிக் கொஞ்சியதாக நினைவே இல்லை. அஸ்காரிக்குப் பிள்ளைகள் உண்டா? (வாசகி, தோட்டத்திலிருந்து)

உண்டு அம்மா, ஒரு மகன், ஒரு மகள். பிள்ளைகளிடம் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று ஃபெராரி ஒருமுறை அவரைக் கேட்டாராம். அவர்கள் என்மேல் அதிகப் பாசம் வைக்க வேண்டாம், ஒருநாள் நான் திரும்பி வராமல் போகலாம், அப்போது வலி குறைவாக இருக்கட்டும் என்ற பொருளில் அஸ்காரி பதில் சொல்லியிருக்கிறார். ஏழு வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவர் சொன்னது அது. உங்கள் அப்பாவின் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. இரவில் லோரி வர நேரமானால் உங்கள் அம்மா வாசலில் நின்றிருப்பார்கள், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அஸ்காரியை மிலானில் அவர் அப்பாவின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். மகனுக்கு அவர் வைத்திருந்த பெயர், நம் வழக்கம் போலவே, தாத்தாவின் பெயர்: அந்தோனியோ.