இரண்டடித் தொட்டியில் எந்தக் கடல் மீன்கள் ஒத்துப்போகும்?

கேள்வி: திருப்பூரில் வசிக்கிறோம். இரண்டடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்க்க விரும்புகிறோம். இரண்டு நீமோ (கோமாளி மீன்), ஒரு டோரி, மூன்று நீல டாம்செல், ஒரு மாண்டரின் என ஏழு மீன்களை ‘செட்’டாகத் தருவதாகவும், ராமேசுவரம் பக்கமிருந்து உயிர்ப் பவளம் வரவழைத்துத் தருவதாகவும் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? எங்கள் போர் தண்ணீரிலேயே உப்பைக் கலக்கலாமா?

பதில்: அந்தச் செட்டில் நீங்கள் வாங்கத் தக்கவை இரண்டு நீமோக்கள் மட்டுமே. உங்கள் தொட்டியில் மணலும் பாறையும் போக 100 லிட்டர் அளவுக்கே நீர் நிற்கும். டோரி என்று விற்கப்படும் புளூ டாங் ஓரடி வரை வளர்ந்து ஓயாமல் நீந்தும் மீன். கடையில் அது இரண்டு விரல் அளவே இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். மாண்டரினின் இரை பாறை இடுக்குகளில் ஊரும் கோபிபாட் என்னும் மிகச் சிறிய ஓட்டுடலிகள். புதிய சிறு தொட்டியில் அவை சில வாரங்களில் தீர்ந்துவிடும், பிறகு மீன் பட்டினியால் மெலிந்து சாகும். டாம்செல் மலிவானது, எளிதில் சாகாது. முதலில் குடிவந்தவன் வீட்டுக்காரனாகிவிடுவதைப் போல, தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்டு பின்னால் வருபவற்றையெல்லாம் கடித்து விரட்டும்.

இவற்றுக்குப் பதிலாக, ஒசெல்லாரிஸ் வகை நீமோ ஒரு ஜோடி, மணலில் வளை தோண்டும் மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒன்று, ஃபயர் ஃபிஷ் ஒன்று என நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்று தரையிலும் மற்றவை நடுநீரிலும் வாழ்வதாலும், நிறமும் உடலமைப்பும் வேறுபடுவதாலும் இடச்சண்டை குறையும். கோபியோடு ஒரு பிஸ்டல் இறால் விட்டால், கண்பார்வை மங்கிய அந்த இறால் தன் உணர்கொம்பை மீனின் மேல் வைத்தபடியே வளையைச் செப்பனிடுவதையும், ஆபத்து என்றால் மீன் வாலசைத்து எச்சரிப்பதையும் காணலாம். என் கணக்கில் டோரியைவிட இது நல்ல காட்சி. ராயல் கிராமா என்ற மீனும் பொருந்தும், ஆனால் கரீபியன் கடலிலிருந்து வருவதால் விலை கூடுதல்.

விடும் வரிசை முக்கியம். தொட்டி நீரில் நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூச்சியமான பின், கூச்ச சுபாவமுள்ள கோபியையும் ஃபயர் ஃபிஷ்ஷையும் முதலில் விட்டு, சில வார இடைவெளிக்குப் பின் நீமோக்களை விடுங்கள். நீமோக்களைச் சிறியவையாக, ஒன்றாகவே வாங்குங்கள். இரண்டில் ஆதிக்கம் பெறுவது பெண்ணாக மாறும், வளர்ந்த இரண்டைச் சேர்த்தால் சண்டைதான். அவற்றுக்குக் கடல் சாமந்தி (அனிமோன்) கட்டாயமில்லை. ஃபயர் ஃபிஷ் மிரண்டால் துள்ளி வெளியே விழும், ஆகவே மேலே வலை போடுங்கள். எந்த மீனானாலும், உங்கள் எதிரிலேயே தீனி போடச் சொல்லி அது தின்பதைப் பார்த்தே பணம் கொடுங்கள். வயிறு ஒட்டியதும், மூச்சு வாங்குவதும், துடுப்பில் உப்புத்தூள் போல வெண்புள்ளி உள்ளதும் வேண்டாம். நீமோ மட்டும் பண்ணையில் வளர்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் அதன் குஞ்சு உற்பத்தி முறைகள் உருவாக்கப்பட்டுள்ளன.

பவளத்தை வாங்கவே வேண்டாம். பாறை உருவாக்கும் பவளங்களும் கடற்குதிரைகளும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் பாதுகாக்கப்படுபவை. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்ததை பில் போட்டு விற்றாலும் சட்டபூர்வமாகாது. செயற்கைப் பாறையே போதும்.

போரில் வரும் சப்பைத் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். அதிலுள்ளது கடலுப்பின் கலவை அன்று. நைட்ரேட் சேர்ந்திருந்தால் பாசி பெருகும். ஆர்.ஓ. நீரில் மீன் தொட்டிக்கான கடலுப்பை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைத்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வருகிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது கரைந்த ஆக்சிஜன் குறைவதும் நான்கோடு நிறுத்தச் சொல்வதற்கு ஒரு காரணம்.

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறேன். சென்னையிலிருந்து பார்சலில் வந்த கடல் மீன்களில் இரண்டு செத்திருந்தன. ‘உயிருக்கு உத்தரவாதமில்லை’ என்று விற்றவர் பணம் தர மறுக்கிறார். பில்லும் தரவில்லை.

பதில்: பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பணம் செலுத்திய விவரம், குறுஞ்செய்திகள், படங்கள் ஆகியவற்றுடன் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். தீரவில்லையெனில், விற்றவர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஈரோட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணமில்லை.

அடுத்த முறை பையைத் திறக்காமல் வீடியோ எடுங்கள். நெடுநேரம் மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து நீரின் பி.எச். (அமில-கார அளவு) குறைந்திருக்கும். திறந்ததும் அது ஏறி, தேங்கிய அம்மோனியா நஞ்சாகிவிடும். அதனால் திறக்காத பையை 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, உப்பளவு நெருங்கியிருந்தால் மீனை மட்டும் விரைவாக மாற்றுங்கள்; பை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.