முழங்கால் வலிக்கும் முடக்குவாதத்துக்கும் முழுக் குணம் தரும் மருந்து வந்துவிட்டதா?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது: அம்மாவுக்கு 61 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. அவர் ரத்தத்திலிருந்தே பிரித்து எடுக்கும் பி.ஆர்.பி. ஊசி மூன்று போட்டால் தேய்ந்த ஜவ்வு வளரும் என்கிறார்களாம். போடலாமா, இல்லை அதைவிடப் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்பது கேள்வி.

முழுக் குணம் தரும் மருந்து வரவில்லை. இப்படிச் சொல்வதால் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட வேண்டாம். குணமாகாது என்பதற்கும் ஒன்றும் செய்ய முடியாது என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. பத்து வருடமாக நான் அந்த இடத்தில்தான் குடியிருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. கரூரில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். எங்கள் வீட்டில் மூட்டு நோயாளிகள் இரண்டு பேர். எனக்கு முடக்குவாதம், அத்தைக்கு (என் மாமியார்) மூட்டுத் தேய்மானம். பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டும் "மூட்டு வலி"தான். ஒரே தைலத்தை இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கி வருவார்கள். ஆனால் இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தியே திசைமாறிப் போய் மூட்டின் உள்உறையைத் தாக்குகிறது. சரவாங்கி என்று எங்கள் பாட்டி சொன்னது இதைத்தான். தேய்மானத்தில் குருத்தெலும்பு (ஜவ்வு என்று நாம் சொல்வது) மெலிகிறது, மூட்டே மெல்ல மெல்ல வடிவம் மாறுகிறது. ஆராய்ச்சிச் செய்தி எதைப் படித்தாலும் எந்த மூட்டு வாதத்துக்கு என்று முதலில் பாருங்கள். ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குப் போட்டுக்கொண்டுதான் பாதிப் பேர் பணத்தை இழக்கிறார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். 2015 ஐப்பசியில் ஒரு காலை வாசலில் கோலம் போட உட்கார்ந்தேன். விரலிடுக்கில் மாவு நிற்கவில்லை. விரல்கள் மடங்கவே மாட்டேன் என்றன. பத்து மணிக்கு மேல் சரியாகிவிட்டது. மறுநாளும் அப்படியே. குக்கர் மூடியைத் திறக்க மகனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பக்கத்துத் தெரு டாக்டர் எட்டு மாதம் வலி ஊசியாகப் போட்டார். அதன்பிறகு சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த பொடி. அதில் ஒரே வாரத்தில் வலி பறந்துவிட்டது, முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது.

திருச்சியில் ஒரு வாதநோய் மருத்துவரிடம் போனபோது அந்த அம்மா என் கையைப் பார்க்கும் முன் முகத்தைப் பார்த்தார். "பொடி ஏதாவது சாப்பிட்டியாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். பெயர் ஒட்டாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது அடிக்கடி பார்க்கிற சங்கதி என்றார். அடுத்த கேள்வி, "காலைல எழுந்ததும் கை எவ்வளவு நேரம் இறுக்கமா இருக்கு?" இரண்டு மணி நேரம் என்றேன். தேய்மானத்தில் அந்த இறுக்கம் பெரும்பாலும் அரைமணிக்குள் விட்டுவிடும், முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி சின்ன மூட்டுகள் வீங்குவது இன்னொரு அடையாளம். முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்க எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளான ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சிசிபி இரண்டும் எனக்குப் பாசிட்டிவ். வீணான அந்த எட்டு மாதத்தில் வலது நடுவிரல் லேசாகக் கோணிவிட்டது. அது இன்றுவரை நேராகவில்லை.

கொடுத்த மருந்து மெத்தோட்ரெக்ஸேட். புதிதாக ஏதோ வந்திருக்கும் என்று நினைத்துப் போனவளுக்கு, கிடைத்தது என் அம்மா வயதுள்ள மருந்து. இதற்குப் பின்னால் ஒரு சென்னைக் கதை உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ், காந்தி சொன்னார் என்று கதர் உடுத்தி அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போய், பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். பிறகு அமெரிக்கா போனார். லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் இருந்த குழுதான் 1945-ல் ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாக உருவாக்கியது. அந்த ஃபோலிக் ஆசிடை எதிர்க்கும் மருந்துகளும் அங்கேதான் பிறந்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட அந்த வகையைச் சேர்ந்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட். குறைந்த அளவில் கொடுத்தால் முடக்குவாதம் அடங்குகிறது என்று 1985-ல் பாஸ்டனில் நடந்த ஆய்வு காட்டியது. 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பக்கவிளைவு குறைய, மருந்து சாப்பிடாத நாளில் ஃபோலிக் ஆசிட் சாப்பிடச் சொல்கிறார்கள். ஆக, என் மாத்திரை டப்பாவில் அருகருகே இருக்கும் இரண்டுமே அந்த ஆய்வகத்தின் சந்ததி.

ஒரு எச்சரிக்கை. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. ஒருமுறை மருந்துக்கடைப் பையன் கவரில் வழக்கம்போல 1-0-1 என்று எழுதிக் கொடுத்துவிட்டான். தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். நான் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்திருக்கிறேன், நாள்காட்டியில் வட்டம் போட்டுவிடுவேன். ரத்தப் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் டாக்டர் சொன்ன இடைவெளியில் தவறக்கூடாது. கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் இதைச் சாப்பிடக் கூடாது.

புதிய மருந்துகள் பக்கம் வருகிறேன். 1992-ல் லண்டன் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மெய்னியும் மூட்டு அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற ஒற்றை மூலக்கூறைத் தடுக்கும் ஊசியை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்களை நடக்க வைத்த வகை மருந்து அது. பயலாஜிக்ஸ் என்று பெயர். ஆனால் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் காசநோயை இது எழுப்பிவிடும் என்பது 2001-ல் வெளியான 70 நோயாளிகளின் விவரத்தில் தெரியவந்தது. நம் நாட்டில் இது விளையாட்டு இல்லை. மார்பு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை பார்க்காமல் யாரும் இந்த ஊசியைத் தொடங்கக்கூடாது.

இந்த ஊசிகளின் விலை கேட்டு மலைத்துப் போனவர்களுக்காகவே நடந்தது போல ஒரு ஆய்வு உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதாத 353 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அதோடு சல்ஃபாசலசைன், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற இரண்டு மலிவு மாத்திரைகள். மறு பாதிக்கு அதோடு விலையுயர்ந்த எட்டனர்செப்ட் ஊசி. முதல் மருந்தில் முன்னேற்றம் இல்லாதவர்கள் 24 வாரத்தில் மறுபக்கம் மாறிக்கொள்ளலாம். 2013-ல் முடிவு வந்தது: மூன்று மாத்திரை வழியில் தொடங்கியவர்கள் ஊசிக்காரர்களுக்குப் பின்தங்கவில்லை. நான் ஐந்து வருடமாக அந்த மூன்று மாத்திரையில்தான் ஓடுகிறேன். எல்லோருக்கும் இது போதும் என்று சொல்லமாட்டேன். போதாதவர்களுக்கு ஊசி தேவைதான். நேராக ஊசிக்குத் தாண்டச் சொன்னால் மட்டும் ஏன் என்று ஒருமுறை கேளுங்கள்.

செல்லுக்குள் போகும் அழற்சிச் சைகையைத் தடுக்கும் ஜாக் தடுப்பான் வகை மாத்திரைகளும் வந்திருக்கின்றன. டோஃபாசிட்டினிப் இப்போது இந்திய ஜெனரிக்காகவே கிடைக்கிறது. வேகமாக வேலை செய்கிறது என்பதால் சில இடங்களில் மிட்டாய் மாதிரி எழுதுகிறார்கள். 50 வயதைத் தாண்டி, இதயநோய்க்கான காரணம் ஒன்றாவது உள்ள 4,362 பேரிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. டி.என்.எஃப். ஊசி போட்டவர்களைவிட இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் கூடுதலாக இருந்தன. புகைபிடிக்கிறவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ரொம்பவும் ஆசையாக இருக்கும் ஆராய்ச்சி வேறு ஒன்று. நோய் வருவதற்கு முன்பே தடுக்க முடியுமா என்பது. ரத்தத்தில் ஆன்ட்டி சிசிபி வந்துவிட்டது, மூட்டில் வலியும் இருக்கிறது, ஆனால் வீக்கம் இன்னும் இல்லை. இப்படிப்பட்ட 213 பேரை பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் சேர்த்து, பாதிப் பேருக்கு அபடாசெப்ட் என்ற இன்னொரு பயலாஜிக் ஊசியை ஒரு வருடம் வாராவாரம் போட்டார்கள். வருட முடிவில் ஊசி போட்டவர்களில் 6 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, போடாதவர்களில் 29 சதவீதம். ஊசியை நிறுத்தி இன்னொரு வருடம் போனபிறகு பார்த்தால் 25-க்கு 37. தடுத்தது என்பதைவிடத் தள்ளிப்போட்டது என்றே படிக்கிறேன். 2024-ல் வந்த முடிவு இது. என் தங்கைக்கு இப்போதே கையைப் பார்த்துப் பயம். அவளிடம் நான் இதைச் சொல்லவில்லை.

இனி உங்கள் அம்மாவின் விஷயம். அவருக்குத் தேய்மானம்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் ஆராய்ச்சிகளைப் படிக்கப் படிக்க, ஜெயித்துக்கொண்டே இருப்பது போலி சிகிச்சையும் உப்புத் தண்ணீரும்.

2002-ல் ஹூஸ்டனில் 180 பேரிடம் ஒரு துணிச்சலான ஆய்வு நடந்தது. மூட்டுக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்யும் அறுவைச் சிகிச்சை சிலருக்கு. சிலருக்கு மயக்கம் கொடுத்து, தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பிவிட்டார்கள். எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்தும் வலியில் வித்தியாசம் இல்லை. உங்கள் அம்மாவுக்குச் சொல்லியிருக்கும் பி.ஆர்.பி. ஊசியையும் இப்படிச் சோதித்தார்கள். ஆஸ்திரேலியாவில் 288 பேர். பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர், வாரம் ஒன்றாக மூன்று ஊசி. 2021-ல் முடிவு: 12 மாதத்தில் பத்து மதிப்பெண் அளவுகோலில் வலி பி.ஆர்.பி.க்கு 2.1 குறைந்தது, உப்புத் தண்ணீருக்கு 1.8. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் ஜவ்வு இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. வளரவில்லை. லேசான தேய்மானம் உள்ளவர்களிடமும் நடுத்தரத் தேய்மானம் உள்ளவர்களிடமும் செய்தது இது. முற்றிய நிலையில் பலன் கூடுதலாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

ஸ்டீராய்டு ஊசி? அவசரத்துக்கு, ஒரு கல்யாணமோ பயணமோ கடக்க உதவலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருடம் போட்ட ஆய்வில், உப்புத் தண்ணீர் போட்டவர்களைவிட ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு ஜவ்வு கூடுதலாகத் தேய்ந்தது, வலியிலும் பெரிய லாபம் இல்லை (2017, 140 பேர்). குளுக்கோசமைன் மாத்திரை 2006-ல் 1,583 பேரிடம் நடந்த பெரிய ஆய்விலேயே மருந்தே இல்லாத மாவு மாத்திரையை மொத்தத்தில் தோற்கடிக்கவில்லை. இருந்தும் அத்தையின் அலமாரியில் இரண்டு டப்பா இருக்கிறது, பெரிய மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்தது.

ஜெயித்தவை என்னென்ன? 2020-ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபியையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து வலியும் முடக்கமும் சேர்ந்த அளவுகோலில் பிசியோதெரபி 37, ஊசி 55.8. குறைந்தால் நல்லது. எடை குறைப்பதற்கும் நல்ல ஆதாரம் வந்துவிட்டது. உடல் பருமனும் முழங்கால் தேய்மானமும் சேர்ந்த 407 பேருக்கு எடையைக் குறைக்கும் செமாகுளூடைட் ஊசியை 68 வாரம் கொடுத்ததில் எடை 13.7 சதவீதம் குறைந்தது. நூறு மதிப்பெண் அளவுகோலில் வலி 41.7 புள்ளி இறங்கியது, போலி ஊசிக்கு 27.5. இது 2024. போன வருடம், 2025-ல், மெல்போர்னில் எடை அதிகமுள்ள 107 பேருக்கு நம் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் கொடுத்துப் பார்த்ததில் ஆறு மாதத்தில் வலி 31.3 புள்ளி குறைந்தது, மாவு மாத்திரைக்கு 18.9. சின்ன ஆய்வு. இதை நம்பி நீங்களாகவே மெட்ஃபார்மின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரையும் இருந்தால் டாக்டரிடம் பேச ஒரு காரணம், அவ்வளவுதான்.

அத்தைக்குத் திருச்சி பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது எளிது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை வைத்திருப்பது, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. எடைக்கு ஒரு துணிப்பையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொள்கிறார். (இங்கேயும் உப்புதான்.) முதல் மூன்று வாரம் "வலிக்குதுடி, தேய்ஞ்சதை இன்னும் தேய்க்கிறீங்க" என்று என்னைத் திட்டினார். நான்காம் மாதம் கோயில் படி ஏறினார். கீழே உட்காருவதை விட்டுவிட்டார், கழிப்பறையை மேற்கத்திய வகைக்கு மாற்றினோம். எக்ஸ்ரே அப்படியே இருக்கிறது.

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையை எதிர்ப்பவள் இல்லை நான். முற்றிய தேய்மானத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது. டென்மார்க்கில் 100 பேரிடம் செய்த ஆய்வில் அறுவையோடு உடற்பயிற்சியும் செய்தவர்களில் 85 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், பயிற்சி முதலான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 68. ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் அறுவைப் பக்கம் 24, மறுபக்கம் 6. 2017-ல் மத்திய அரசு முழங்கால் செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு விலை நிர்ணயித்ததால் அப்போதிலிருந்து செலவும் ஓரளவு இறங்கியிருக்கிறது.

ஆக, உங்கள் அம்மாவின் இறுக்கம் காலையில் அரைமணிக்குள் விடுகிறதா, விரல் மூட்டுகள் வீங்குகின்றனவா என்று இன்றே பாருங்கள். விரல் வீங்கினால் ஊசியை மறந்துவிட்டு வாதநோய் மருத்துவரிடம் போங்கள். ஒரே மூட்டு திடீரென்று சிவந்து, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரண்டும் இல்லை, தேய்மானம்தான் என்றால், மூன்று ஊசிக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். நான் என் அத்தைக்கு அப்படித்தான் செய்தேன்.