தகட்டை ஊதி கார் கதவு செய்யும் வேலை: தங்கச்சிமடத்து அக்காவுக்கு ஒரு பதில்

அக்கா, போன வாரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் வந்தீர்கள். கூட்டத்தில் நிதானமாகப் பேச முடியவில்லை. "போன்ல தகடு பலூன் மாதிரி உப்புறதைப் பார்த்துட்டு அதைத்தான் படிப்பேங்கிறான். இது பட்டறை வேலைதானே?" என்று கேட்டீர்கள்.

பட்டறை வேலை இல்லை. நீங்கள் மீன் சுமக்கும் அன்னக்கூடையையே எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு நசுங்கினால் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவீர்கள். நாலைந்து முறை அப்படித் தட்டினால் மடிந்த இடத்தில் மயிரிழை போல விரிசல் விட்டுவிடும். கார் செய்கிறவர்களுக்கும் அலுமினியத்தோடு இதே தலைவலிதான். எஃகுத் தகட்டை பிரஸ்ஸில் வைத்து அடித்து சில நொடிகளில் வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அலுமினியம் கூர்மையான மூலைகளில் கிழிகிறது, அழுத்தத்தை எடுத்ததும் கொஞ்சம் பின்வாங்குகிறது. ஆனால் எடையோ எஃகில் மூன்றில் ஒரு பங்கு. விட மனம் வருமா?

அதனால் அடிப்பதை விட்டு ஊதிப் பார்த்தார்கள். இதற்கு சூப்பர்பிளாஸ்டிக் ஃபார்மிங் என்று பெயர். மக்னீசியம் நாலரை சதவீதம்போலக் கலந்த 5083 என்ற அலுமினியக் கலவைத் தகட்டை 450 முதல் 500 டிகிரி வரை சூடாக்குவார்கள். உருகுவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திவிடுகிறார்கள் என்று வையுங்கள். ஓரம் முழுக்க இறுக்கிப் பிடித்து, ஒரு பக்கமிருந்து காற்றையோ நைட்ரஜனையோ அழுத்தமாக விட்டால், தகடு பூரி போல உப்பிக்கொண்டே போய் எதிரிலிருக்கும் அச்சில் படிந்துவிடும். மேல் அச்சு, கீழ் அச்சு என்று ஜோடி தேவையில்லை, ஒன்று போதும். ஆனால் மெதுவான வேலை. பழைய முறையில் ஒரு தகட்டுக்கு அரைமணி நேரம்கூட ஆகும். விமானத்துக்கும் விலை உயர்ந்த கார்களுக்கும் அது கட்டுப்படியாகும். ஜெனரல் மோட்டார்ஸ் இதையே சில நிமிடங்களுக்குள் முடிக்கும்படி மாற்றி, 2004 மாடல் செவ்ரோலே மாலிபு மேக்ஸின் பின்கதவைச் செய்தது. தம்பி பார்த்த காட்சி அனேகமாக இந்த வகைதான்.

வீடியோவில் தெரியாத ஒன்றைத் தம்பியிடம் சொல்லுங்கள். தகடு கடைசியாகப் போய்த் தொடுகிற மூலைதான் அதிகம் இழுபட்டு மெலியும். அவசரப்பட்டு ஊதினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் விழும். உலோகத்துக்குள் இருக்கும் மணிகள், அதாவது நுண்ணிய படிகத் துணுக்குகள், பத்து மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பொடியாக இருந்தால்தான் அது இவ்வளவு நீளும். ஆக, எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம், எந்தக் கலவை என்பதில்தான் சூட்சுமம். மெஷினை ஓட்டுவது அதற்கு அப்புறம்தான்.

இந்தப் பெயரில் தனிப் படிப்பைத் தேடாதீர்கள். 'உறுதியான வேலை' என்று சொல்லி மூன்று மாதச் சான்றிதழுக்கு எண்பதாயிரம் வாங்கிய ஒரு தனியார் மையத்தை நம்பி, போன வருஷம் ஒரு பையன் என்னிடம் வந்து அழுதான். அதிலும், நம் ஊர்ச் சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இன்னும் எஃகு உடம்புதான். இந்த ஒன்றை மட்டும் நம்பி இறங்கினால் வேலை கிடைப்பது சிரமம். உலோகவியல் படித்தால் வார்ப்பு, வெல்டிங், பரிசோதனைக்கூடம் என்று பத்துக் கதவு திறக்கும், இதுவும் அதில் ஒன்று. சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் அந்தப் பிரிவு இருக்கிறது. திருச்சி என்ஐடியிலும் உண்டு, ஆனால் அதற்கு ஜேஇஇ நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். இயற்பியலில் தம்பி எடுத்திருக்கும் மதிப்பெண்ணைப் பார்த்தால் சேலத்துக்கு முயலலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மெக்கானிக்கல் கிடைத்தாலும் மோசமில்லை.

பணத்தை நினைத்துத்தான் நீங்கள் தயங்குகிறீர்கள், தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அண்ணன் கடலுக்குப் போகாத அந்த 61 நாளில்தான் விண்ணப்பம், சான்றிதழ், அலைச்சல் எல்லாம் வந்து விழுகிறது. தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும், விடுதிச் செலவும் அதில் அடங்கும். வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள்.

சீக்கிரம் சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால் ஐடிஐயில் டூல் அண்ட் டை மேக்கர் இரண்டு வருஷம். ஊதுவதற்கும் அச்சு வேண்டுமே, அந்த அச்சைச் செய்கிறவர் இவர்தான். பிறகு டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். சுற்றுவழிதான், ஆனால் முட்டுச்சந்து இல்லை.

சனிக்கிழமை காலையில் வாருங்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, மூன்றையும் கொண்டுவாருங்கள். சான்றுக்குத் தலைமை ஆசிரியரை இந்த வாரமே பார்த்துவிடுங்கள், அங்கேதான் இழுத்தடிக்கும்.